மருமகன் கொண்டுவந்த கேள்வி

வாஷிங்டன் நகரில் கேத்தரின் குக் பிரிக்ஸின் வீட்டுக்கு, 1917 வாக்கில், மகள் இசபெல் தன் மனதுக்குப் பிடித்த இளைஞரை அழைத்துவந்தார். பெயர் கிளாரன்ஸ் மையர்ஸ். பின்னாளில் வழக்கறிஞர் ஆனவர். நல்ல பிள்ளை; குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் கேத்தரினுக்கு அவர் பிடிபடவே இல்லை. தாயும் மகளும் கற்பனையிலும் கருத்துகளிலும் திளைப்பவர்கள். வந்தவரோ கண்முன் இருப்பதையும் கணக்கில் அடங்குவதையும் பேசுபவர். இப்படி ஒருவரைத் தன் மகள் எப்படித் தேர்ந்தெடுத்தாள் என்று அந்தத் தாய் திகைத்தார்.

ஒத்துவராத சம்பந்தம் என்று முடிவுகட்டி முகத்தைத் திருப்பிக்கொள்வது எளிது. கேத்தரினோ வாழ்க்கை வரலாற்று நூல்களை எடுத்துவைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். மனிதர்கள் எந்தெந்த வகையில் வேறுபடுகிறார்கள், ஒருவருக்கு இயல்பாக வருவது இன்னொருவருக்கு ஏன் வருவதில்லை என்று குறிப்பெடுத்தார். சிந்தனையில் ஆழ்பவர், சட்டென்று இறங்கிச் செய்பவர், எதையும் ஒழுங்குபடுத்தி நடத்துபவர், எல்லோரிடமும் ஒட்டிக்கொள்பவர் என நான்கு வகைகளைத் தானாகவே வகுத்தார். அவருக்கு உளவியலில் பட்டமும் இல்லை, பதவியும் இல்லை. இன்று உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் பேர் எழுதுவதாகச் சொல்லப்படும் எம்.பி.டி.ஐ. (மையர்ஸ்-பிரிக்ஸ்) எனும் ஆளுமை வினாத்தாளின் வேர் இந்த வீட்டுக் கேள்விதான்.

ஒருவரைப் புரிந்துகொள்ளப் பிறந்த அந்த வினாத்தாள், இன்று பல இடங்களில் அந்தச் சிரமத்தைத் தவிர்க்கும் குறுக்குவழியாகிவிட்டது. அதை எழுதியவர்கள் எண்ணியது இதுவல்ல. ஆகவே, அது வந்த வழியைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதே காலத்தில் சுவிட்சர்லாந்தில் கார்ல் யுங் வேறொரு கேள்வியோடு போராடிக்கொண்டிருந்தார். சிக்மண்ட் ஃபிராய்டோடு அவருக்கு இருந்த நெருக்கம் 1913-ல் முறிந்தது. அதற்குச் சற்று முன்பே ஆல்ஃபிரட் அட்லரும் ஃபிராய்டைவிட்டுப் பிரிந்திருந்தார். ஒரே நோயாளியை ஃபிராய்டும் அட்லரும் பார்த்தால் இருவேறு காரணங்களைச் சொல்வார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கும். அப்படியானால் வேறுபாடு நோயாளியிடம் இருக்கிறதா, பார்ப்பவரிடம் இருக்கிறதா? இதிலிருந்து நகர்ந்த சிந்தனைதான் 1921-ல் ‘உளவியல் வகைகள்’ என்ற நூலாக ஜெர்மன் மொழியில் வந்தது. மனத்தின் ஓட்டம் சிலருக்கு வெளியுலகை நோக்கியும் சிலருக்குத் தன்னுள்ளும் செல்கிறது என்று சொல்லி, ‘எக்ஸ்ட்ரோவர்ட்’, ‘இன்ட்ரோவர்ட்’ என்ற சொற்களை உலகப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது அந்த நூல். கலப்பே இல்லாத தூய வகை மனிதர் என்று எவரும் கிடையாது என்பதையும் யுங் சேர்த்தே சொல்லியிருந்தார். அந்த எச்சரிக்கைக்குப் புழக்கத்தில் இடம் கிடைக்கவில்லை.

ஆங்கில மொழிபெயர்ப்பு 1923-ல் கைக்கு வந்ததும், தான் தேடியதை இன்னொருவர் இன்னும் ஆழமாகச் சொல்லிவிட்டார் என்று கேத்தரின் தன் குறிப்புகளை எரித்துவிட்டதாக ஒரு செய்தி உண்டு. 1926-ல் ‘நியூ ரிபப்ளிக்’ இதழில், சாதாரண வாசகரும் தன் வகையைக் கண்டுகொள்ளும் விதமாகக் கட்டுரை எழுதினார். யுங்குக்குக் கடிதங்களும் எழுதினார்.

இந்த வகைப்பாட்டை வினாத்தாளாக்கியவர் மகள் இசபெல். அவர் படித்தது அரசியல் அறிவியல். எழுதியது துப்பறியும் நாவல். அதற்குப் பரிசும் வாங்கியவர். இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் களத்துக்குப் போக, பெண்கள் கூட்டம் கூட்டமாகத் தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வந்தார்கள். யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்று அவர்களே கண்டுகொள்ள ஒரு கருவி இருந்தால் எவ்வளவு உதவியாக இருக்கும் என்று இசபெல் நினைத்தார். பிலடெல்பியாவில் ஒரு வங்கியின் பணியாளர் பிரிவை நடத்திவந்த எட்வர்ட் ஹேயிடம் போய், தேர்வு தயாரிப்பதையும் மதிப்பெண் கணக்கிடுவதையும் புள்ளியியலையும் கற்றுக்கொண்டார். கேள்விகளை ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார், சரிவராதவற்றைத் தள்ளினார். பிறகு ஆயிரக்கணக்கான மருத்துவ மாணவர்களிடம் ஆண்டுக்கணக்கில் தரவு திரட்டினார். பல்கலைக்கழக உளவியலாளர்கள் அவரை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. 1962-ல் ஒருவழியாக ‘எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ்’ நிறுவனம் அதை ஆய்வுப் பயன்பாட்டுக்கென வெளியிட்டது. ஒரு பெண், உளவியலில் பட்டமில்லாமல், வீட்டிலிருந்தபடி இருபது ஆண்டுகள் விடாமல் உழைத்து இதைச் செய்தார் என்பதை, வினாத்தாளின் குறைகளைப் பேசுபவர்களும் மறக்கக் கூடாது.

வினாத்தாள் கேட்பது நான்கே விஷயங்கள். முதலாவது, தெம்பு எங்கிருந்து வருகிறது என்பது. கல்யாண வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வரும் அக்காள் தங்கையரில் ஒருத்தி, இன்னும் நான்கு பேர் வீட்டுக்குப் போய்வரலாமா என்கிறாள். மற்றவள் கதவைச் சாத்திக்கொண்டு அரைநாள் யாரோடும் பேசாமல் இருந்தால்தான் பழைய நிலைக்கு வருகிறாள். இரண்டாவது, ஒரு செய்தியை எப்படி உள்வாங்குகிறோம் என்பது. ஒரு மனையைப் பார்க்கப் போகும் இருவரில் ஒருவர் பட்டாவையும் பாதையையும் கிணற்றுத் தண்ணீரையும் விசாரிக்கிறார். இன்னொருவர் பத்து வருடம் கழித்து அங்கே நிற்கப்போகும் மாமரத்தடியில் இப்போதே உட்கார்ந்துவிடுகிறார். மூன்றாவது, முடிவெடுக்கும்போது எது முதலில் வந்து நிற்கிறது என்பது. சிலருக்கு நியாயக் கணக்கு. சிலருக்கு அந்த முடிவால் யார் மனம் என்ன பாடுபடும் என்ற எண்ணம். நான்காவது, அன்றாடத்தை எப்படி நடத்துகிறோம் என்பது. ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்பே நடைமேடையில் நிற்பவரும், வண்டி நகரும்போது தாவி ஏறுபவரும் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. பெரும்பாலும் அவர்கள் கணவன் மனைவியாக இருக்கிறார்கள்.

இரண்டிரண்டாக நான்கு ஜோடி. பெருக்கினால் பதினாறு வகை. ஒவ்வொன்றுக்கும், ஜோடிக்கு ஒன்றாக, நான்கு ஆங்கில எழுத்து. இவற்றைத் திறமைகளாகப் பார்க்கக் கூடாது, விருப்பச் சாய்வுகளாகத்தான் பார்க்க வேண்டும் என்பது இதைக் கற்பிப்பவர்கள் முதலில் சொல்லும் பாடம். வலக்கைப் பழக்கம் உள்ளவருக்கும் இடக்கை வேலை செய்யும். கையெழுத்துப் போடச் சொன்னால்தான் கோணும்.

இந்த எழுத்துகள் பலருக்கு ஆறுதல் தந்திருக்கின்றன. அதைக் குறைத்து மதிப்பிட முடியாது. பத்துப் பேர் கூடிய இடத்தில் பேச்சு வராத பிள்ளை, தன்னிடம் ஏதோ கோளாறு என்று வருடக்கணக்கில் நினைத்துக்கொண்டிருக்கும். உன்னைப் போல உலகில் கோடிப் பேர் இருக்கிறார்கள், இது ஒரு வகை இயல்பு என்று ஒரு தாள் சொல்லும்போது அந்தப் பிள்ளையின் முதுகு நிமிர்கிறது. பேச்சே கொடுக்காத கணவர் தன்மேல் கோபமாக இருக்கிறார் என்று எண்ணி மருகிய மனைவிக்கு, அவர் வேலையிலிருந்து வந்ததும் சற்றுத் தனிமை தேடுகிறார், அவ்வளவுதான் என்று புரிந்தால் சாயங்காலச் சண்டைகளில் பாதி குறையும். கேத்தரினுக்கு மருமகன் விஷயத்தில் தேவைப்பட்டதும் இந்தப் புரிதல்தான்.

சிக்கல், வெட்டும் இடத்தில் இருக்கிறது.

ஊரில் உள்ள எல்லோரையும் நிறுத்தி, ஐந்தரை அடிக்கு மேலே ‘நெட்டை’, கீழே ‘குட்டை’ என்று இரண்டே பெயர் கொடுத்தால் என்ன ஆகும்? ஐந்தடி ஐந்தங்குலக்காரரும் நான்கடி பத்தங்குலக்காரரும் ஒரே வகை. ஐந்தடி ஐந்தங்குலமும் ஐந்தடி ஏழங்குலமும் எதிரெதிர் வகை. மனித இயல்புகளும் உயரத்தைப் போலத்தான் பரவியிருக்கின்றன: பெரும்பாலானோர் நடுவில், சிலரே ஓரங்களில். நடுவில் கத்தியை வைத்தால் மிக அதிகமான பேர் வெட்டுக்கோட்டின் மேலேயே நிற்பார்கள். அதனால், ஐந்தே வாரத்தில் மறுபடி எழுதினால் பாதிப் பேர் வரைக்கும் நான்கில் ஓர் எழுத்தாவது மாறிவிடுகிறது என்று 1990-களில் வந்த மதிப்பாய்வு காட்டியது. ஆளுக்குள் எதுவும் மாறியிருக்காது; கோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓரடி வைத்திருப்பார், அவ்வளவுதான். 1991-ல் அமெரிக்கத் தேசிய ஆய்வுக் கவுன்சிலின் குழு ஒன்று, வேலை வழிகாட்டுதலுக்கு இந்த வினாத்தாளைப் பயன்படுத்துவதை நியாயப்படுத்தும் அளவுக்கு நல்ல ஆய்வுச் சான்று இல்லை என்று தெரிவித்தது.

பிறகு ஏன் படிப்பவர்களுக்கெல்லாம் தன்னையே எழுதிவைத்தது போலத் தோன்றுகிறது? அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 1948-ல் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்து, ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவரிடமும் அவரவர் ஆளுமை அறிக்கை என்று ஒரு தாளைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதில் இருந்தவற்றைப் பெரும்பாலும் கடையில் வாங்கிய ஜோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து அவர் எடுத்திருந்தார். சில நேரம் கலகலப்பாகவும் சில நேரம் ஒதுங்கியும் இருப்பீர்கள் என்றால் யார்தான் மறுப்பார்கள்? பதினாறு வகை விவரணைகளிலும் குறை சொல்லும் வரி குறைவு. பாராட்டும் வரி அதிகம். மனம் அதை விரும்பி ஏற்கிறது.

உளவியல் துறை இன்று பெரிதும் நம்பும் வழி வேறு. அது தொடங்கிய இடம் அகராதி. மனிதர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளத் தேவையான வேறுபாடுகளுக்கெல்லாம் அவர்கள் மொழியில் சொல் உண்டாகியிருக்கும் என்பது அடிப்படை எண்ணம். 1936-ல் கார்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பெர்ட்டும் வெப்ஸ்டர் அகராதியைப் புரட்டி, மனிதரை மனிதரிடமிருந்து வேறுபடுத்தும் ஏறக்குறைய 18,000 சொற்களைத் திரட்டினார்கள். அவற்றில் நிலையான குணத்தைச் சொல்பவை மட்டும் 4,504. அடுத்து வந்தவர்கள் அந்தப் பட்டியலைச் சுருக்கிச் சுருக்கி, எந்தச் சொற்கள் ஒன்றாகச் சேர்ந்து வருகின்றன என்று கணக்கிட்டார்கள். 1961-ல் அமெரிக்க விமானப்படையின் ஆய்வாளர்கள் எர்னஸ்ட் டியூப்ஸ், ரேமண்ட் கிறிஸ்டல் இருவரும் திரும்பத் திரும்ப ஐந்து கொத்துகளே மேலெழுவதைக் கண்டார்கள். வெளிமுகத் தன்மை, இணங்கிப்போகும் தன்மை, பொறுப்புணர்வு, எளிதில் கலங்கும் தன்மை, புதியனவற்றை நாடும் தன்மை. இங்கே வகை கிடையாது. ஒவ்வொன்றிலும் ஒருவர் எந்த அளவில் நிற்கிறார் என்பது மட்டுமே. மையர்ஸ்-பிரிக்ஸின் நான்கு ஜோடிகளும் இவற்றில் நான்கோடு ஓரளவு ஒத்துப்போவதை 1989-ல் மெக்ரேயும் காஸ்டாவும் காட்டினார்கள். அதாவது, இசபெல் வெறுங்காற்றை அளக்கவில்லை. ஆனால் அவர் வினாத்தாளில் விடுபட்ட ஐந்தாவது, எளிதில் கலங்கும் தன்மை. வாழ்க்கையில் மிகுந்த வலி தருவது அதுதான். அதைப் பற்றிக் கேட்காததால்தான் பதினாறு வகையும் அத்தனை இனிமையாக இருக்கின்றன.

ஐந்தும் எல்லா மக்களுக்கும் பொருந்துமா என்பதும் முடிந்த விஷயம் அல்ல. பொலிவியாவின் அமேசான் காட்டுப் பகுதியில் வேட்டையாடியும் பயிரிட்டும் வாழும் ட்சிமானே மக்களில் 632 பேரிடம் ஆய்வு செய்தவர்கள் 2013-ல் வெளியிட்ட முடிவில், அந்த ஐந்து கொத்துகள் தெளிவாக எழவில்லை. பிறரோடு இசைந்து உதவும் இயல்பு, உழைப்பில் ஊக்கம் என இரண்டே பெரிதாகத் தெரிந்தன. சிறு ஊரில், தெரிந்த முகங்களுக்கு நடுவே வாழும் வாழ்க்கைக்கு வேண்டிய வேறுபாடுகள் வேறாக இருக்கலாம்.

தமிழ் அகராதியோடு இந்த வேலையைத் தொடங்கினால் என்ன கிடைக்கும் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. ரோஷக்காரர் என்று ஒருவரைச் சொல்கிறோம். அது வெறும் கோபம் இல்லை. தன் மதிப்பைத் தொட்டால் எழும் கோபம், அதற்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. முகதாட்சண்யம் என்கிறோம். நேரில் நிற்பவரிடம் இல்லை என்று சொல்ல முடியாத அந்தச் சங்கடம் இணக்கமா, கலக்கமா? அழுத்தக்காரர் இன்ட்ரோவர்ட்டா? இரண்டும் ஒன்றென்று எந்தப் பாட்டியும் ஒத்துக்கொள்ள மாட்டார். கூச்சத்தால் பேசாதவர் வேறு, பேசப் பிடிக்காமல் பேசாதவர் வேறு, தெரிந்தும் சொல்லாமல் உள்ளே வைத்திருப்பவர் வேறு. வெள்ளந்தி, வீம்பு, பதவிசு என்று ஒவ்வொரு சொல்லும் தலைமுறைகள் கூர்ந்து பார்த்துச் செதுக்கியது. நான்கு ஆங்கில எழுத்துகளைக் கற்றுக்கொள்ளும் இளைஞர்கள் இந்தச் சொற்களைக் கைவிட்டுவிடக் கூடாது என்று இந்தக் கட்டுரை உண்மையாகவே விரும்புகிறது.

அளவு என்றாலும்கூட அது நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்பதில்லை. வில்லியம் ஃபிளீசன் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஆட்களின் கையில் சிறு கருவியைக் கொடுத்து, ஒரு நாளில் பலமுறை, இந்த நேரத்தில் எவ்வளவு கலகலப்பாக, எவ்வளவு பொறுப்பாக நடந்துகொண்டீர்கள் என்று குறிக்கச் சொன்னார். 2001-ல் வெளியான முடிவின்படி, ஒரே மனிதர் தனக்குள்ளேயே காட்டும் வேறுபாடு, மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டுக்குச் சளைத்ததாக இல்லை. இன்ட்ரோவர்ட் என்று சொல்லப்படுபவரும் வாரத்தில் பல மணி நேரம் எக்ஸ்ட்ரோவர்ட்டாகத்தான் நடந்துகொள்கிறார். ஆனால் ஒருவருடைய பல வாரச் சராசரியை எடுத்துப் பார்த்தால் அது அசையாமல் நிற்கிறது. இரண்டும் உண்மை.

கனடாவைச் சேர்ந்த பேராசிரியர் பிரையன் லிட்டில் இதற்கு நல்ல உதாரணம். வகுப்பறையைக் கட்டிப்போடும் பேச்சாளர்; இயல்பில் தனிமை விரும்பி. ராணுவக் கல்லூரி ஒன்றில் காலையில் உரையாற்றிவிட்டு, மதிய உணவுக்கு எல்லோரோடும் உட்கார்ந்தால் பிற்பகல் உரைக்குத் தெம்பு இருக்காது என்று, பக்கத்து ஆற்றில் போகும் படகுகளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித் தனியே நடந்துவிடுவாராம். கூட்டம் ஆறில்லாத இடத்துக்கு மாறிய பிறகு கழிப்பறைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறார். மாணவர்கள்மேல் உள்ள அன்புக்காக ஒருவர் தன் இயல்பைத் தாண்டி நடக்க முடியும், ஆனால் பிறகு மீண்டுவர ஓரிடம் வேண்டும் என்பது அவர் ஆய்வின் சாரம்.

வயதும் மாற்றுகிறது. பல ஆண்டுகள் ஒரே ஆட்களைப் பின்தொடர்ந்த 92 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து பிரென்ட் ராபர்ட்ஸ் குழுவினர் 2006-ல் வெளியிட்ட தொகுப்பாய்வில், இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் மனிதர்களுக்குப் பொறுப்புணர்வும் மன உறுதியும் சராசரியாகக் கூடுவது தெரிந்தது. இருபத்தோரு வயதில் எழுதிய வினாத்தாளை வைத்து நாற்பது வயது மனிதரை எடைபோட முடியாது.

இவ்வளவு தெரிந்திருந்தும் வகைகளை வைத்து வாசலை அடைக்கும் வழக்கம் பரவுகிறது. தென் கொரியாவில் இளைஞர்கள் அறிமுகமானவுடன் நான்கு எழுத்தைக் கேட்பது சில ஆண்டுகளாகச் சாதாரணமாகிவிட்டது. சில வேலை விளம்பரங்களே இன்னின்ன வகையினர் விண்ணப்பிக்கலாம் என்று வந்தன. வினாத்தாளை வெளியிடும் நிறுவனமே, ஆளெடுக்கவும் ஆளைக் கழிக்கவும் இதைப் பயன்படுத்துவது முறையல்ல என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதைக் கேட்க ஆளில்லை.

வகை ஒரு சாக்காகவும் ஆகிவிடும். ஜப்பானில் ரத்தவகைக்கும் குணத்துக்கும் முடிச்சுப் போடும் நம்பிக்கை 1927-ல் டகேஜி ஃபுருகாவா எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது. அறிவியல் ஆதாரம் இல்லை. நம்பிக்கை மட்டும் போகவில்லை. 2011-ல் சுனாமி அழிவுக்குப் பிறகு மறுசீரமைப்பு அமைச்சராக நியமிக்கப்பட்ட ரியூ மட்சுமோட்டோ, பாதிக்கப்பட்ட மாகாணங்களின் ஆளுநர்களிடம் கடுமையாகப் பேசிவிட்டு, தன் ரத்தம் ‘பி’ வகை, அதனால் படபடப்பு அதிகம் என்று விளக்கம் சொன்னார். பொறுப்பேற்ற சில நாட்களிலேயே பதவி விலக நேர்ந்தது. ரத்தவகையைச் சொல்லி ஒருவரைத் துன்புறுத்துவதற்கு அந்த மொழியில் ‘புரா-ஹரா’ என்று தனிச்சொல்லே உண்டு.

நம் பொறியியல் கல்லூரிகளில் வேலைத் தேர்வுக்கு வரும் குழு விவாதத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் யார் குரல் மேலே நிற்கிறதோ அவருக்குத் தலைமைப் பண்பு என்று குறிக்கிறார்கள். முதல் தலைமுறையாகப் பட்டப்படிப்புக்கு வந்த மாணவி, யோசித்துவிட்டுப் பேசலாம் என்று காத்திருக்கும்போது நேரம் முடிந்துவிடுகிறது. இது அவருக்கு இழைக்கப்படும் அநியாயம், நிறுவனத்துக்கும் நஷ்டம். பலவகை வேலைகளை ஒன்றாக வைத்து பேரிக்கும் மவுண்ட்டும் 1991-ல் செய்த தொகுப்பாய்வில், எல்லா வேலைகளிலும் திறமையோடு சீராகச் சேர்ந்து வந்த குணம் பொறுப்புணர்வுதான். கலகலப்போ விற்பனை, மேலாண்மை போன்ற சில வேலைகளில் மட்டுமே உதவியது. நிரல் எழுதும் வேலைக்கு ஒரு நிரலை எழுதச் சொல்லிப் பார்ப்பதும், கணக்கு வேலைக்கு ஒரு கணக்கேட்டைக் கொடுத்துப் பார்ப்பதும் விவாத மேசையைவிட அதிகம் சொல்லும்.

இசபெல் மையர்ஸ் 1980-ல் காலமானார். மனிதருக்கு மனிதர் மாறுபடும் கொடைகளைப் பற்றிய அவருடைய நூலும் அதே ஆண்டில்தான் வெளிவந்தது. அவர் வழியில் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள் வினாத்தாளைத் திருத்தியவுடன் வகையை அறிவித்துவிடுவதில்லை. எழுதியவரை எதிரே உட்காரவைத்து, நான்கு ஜோடிகளையும் பேச்சுவாக்கில் விளக்கி, எது தனக்குப் பொருந்துகிறது என்று அவரையே சொல்லவைக்கிறார்கள். தாளில் வந்ததும் அவர் சொல்வதும் வேறுபட்டால், அவர் சொல்வதையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அதற்கு ஒரு மணி நேரமாவது ஆகும். இணையத்தில் பத்து நிமிடத்தில் கிடைக்கும் இலவசத் தேர்வுகளிலும், ஒரே நாளில் முந்நூறு பேரைச் சலித்தெடுக்கும் நேர்காணல்களிலும் விடுபட்டுப்போவது அந்த ஒரு மணி நேரம்தான்.